உள்ளே இழுத்த ஆமாம்

வடகோடியில் இருக்கும் எங்கள் பனி ஊரில் ஆமாம் சொல்ல வார்த்தை வேண்டாம். மூச்சு போதும். வாயால் காற்றைச் சட்டென்று உள்ளே இழுத்தால் "ஷூப்" என்று ஒரு சத்தம் வரும். அதுதான் ஆமாம். கடைக்குப் போறியா? ஷூப். பனி கொட்டுமா? ஷூப். கல்யாணத்தன்று இந்தப் பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா என்று பாதிரியார் கேட்டபோது என் அப்பா ஸ்தூரே இப்படித்தான் பதில் சொன்னாராம். பாதிரியார் தெற்கத்தி ஆள். மாப்பிள்ளைக்கு விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

வாய்விட்டு "ஆமா" என்று ஒருவர் சொன்னால் எங்கள் பக்கம் அதற்கு இரண்டே அர்த்தம். ஒன்று, அவர் வெளியூர். இல்லையென்றால், கோபமாக இருக்கிறார்.

நான் அந்த மூச்சை மால்மோவில் தொலைத்தேன். நாட்டின் மறுகோடியில் இருக்கும் அந்த ஊருக்கு பல் சுகாதாரம் படிக்கப் போனேன். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான்தான். முதல் வாரமே, பாடத்தைப் படித்துவிட்டு வந்தாயா என்று ஆசிரியை கேட்டார். ஷூப் என்றேன். "ஆஸ்துமா இருக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வகுப்பே சிரித்தது. மறுவாரத்திலிருந்து நானும் அவர்களைப் போல வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். பழகிவிட்டது. திரும்பி வந்தபோது மூச்சு என்னோடு வரவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கே வந்து, கிரான்ஃபோர்ஸ் பல் மருத்துவமனையில் சேர்ந்தேன். பிடுங்குவதும் அடைப்பதும் டாக்டர் ஹோல்கரின் வேலை. ஈறும், பல்லில் கட்டுகிற காரையும் என் பொறுப்பு. வந்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தேன். அம்மா வாய்விட்டு "ஆமா" சொல்கிறாள். காபி வேணுமா என்றால் "ஆமா". குளிருதா என்றால் "ஆமா". அறுபதை நெருங்கும் ராக்னா, பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷமாக முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவள், திடீரென்று வானொலிச் செய்தி வாசிப்பவள் மாதிரி பேசுகிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துவிட்டு வந்த மகள் முன்னால் நாகரிகமாக இருக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நான் வெட்கப்பட்டுத் தொலைத்ததை இவள் எனக்காக வேண்டுமென்றே தூக்கிப் போடுகிறாள். இரண்டு வருஷம் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கமாட்டோம். அதே சமயத்தில் அப்பா ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தானே கழுவ ஆரம்பித்திருந்தார். அதையும் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலையில் அடுத்த மாதத்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரல் மூன்றாம் செவ்வாய், எனக்கு விடுமுறை நாள், ஹோல்கரின் அறை: ராக்னா, கீழ் முன்பற்கள் நான்கு, பிடுங்குதல்.

கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. சொந்தக்காரர்களின் கோப்பை நாங்கள் தொடக்கூடாது. நேரே வீட்டுக்குப் போனேன்.

அம்மா சமையலறை மேசையில் காய்ந்த ரொட்டியைக் காபியில் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அந்த ரொட்டி கடிக்கும்போது பலகை உடைகிற மாதிரி சத்தம் வரவேண்டும். அவள் அதைக் கூழாக்கி, உதட்டால் உறிஞ்சினாள். எத்தனை நாளாக இப்படித் தின்கிறாள்? என் கண் முன்னால்தான் தின்றிருக்கிறாள். ஊர்க்காரர்களின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், புகையிலைப் பொட்டலத்தை எந்தப் பக்கம் அடக்கிக்கொள்கிறார்கள் என்று ஈறு ஏறியிருப்பதை வைத்தே சொல்லிவிடுவேன். பெற்றவளின் வாயைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எதற்கு என்று கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு சொல்லிவிட்டாள். ஜூனில் அவளுடைய அறுபதாவது பிறந்தநாள். அதற்கு முன் ஆடுகிற நாலையும் எடுத்துவிட்டு, செட் கட்டிக்கொண்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். அவளுடைய அக்காக்கள் மூவருக்கும் ஐம்பது தாண்டியதும் எல்லாம் போய்விட்டது. சின்ன வயதில் நான் லீவுக்குப் பெரியம்மாக்கள் வீட்டுக்குப் போனால் குளியலறை ஜன்னலில் மூன்று கண்ணாடி டம்ளர், மூன்று செட் பல். "நம்ம வம்சம் அப்படி" என்றாள்.

வம்சமாவது ஒன்றாவது. எங்கள் மொழியில் ஈறு நோய்க்கு வைத்திருக்கும் பெயரே "பல் கழலல்". எவனோ ஒருவன் நோயின் கடைசிக் காட்சியை எடுத்து நோய்க்கே பெயராக வைத்துவிட்டான். பெயரைக் கேட்டதும் ஆள் முடிவு செய்துவிடுகிறார்: ஓ, கழலப் போகிறது, சரி, கழலட்டும். அதற்கு முன்னால் பத்து வருஷம் ஈறு சிவந்து, வீங்கி, துலக்கும்போதெல்லாம் ரத்தம் காட்டிக் கூப்பிட்டதற்கு ஒரு பெயரும் இல்லை. அம்மா முன்பு போய்க்கொண்டிருந்த வேறொரு ஊர் மருத்துவர், ரத்தம் வருகிறது என்று அவள் சொன்னபோது, வயதானால் அப்படித்தான் என்றாராம். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. இந்த நாட்டில் இதயம், ஈரல், முழங்கால் எல்லாம் உடம்பைச் சேர்ந்தவை. அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பல் மட்டும் வீட்டுச் சாமான் மாதிரி, அவரவர் பாடு. அதனால்தான் ஒருவர் சிரித்தாலே அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று சொல்லிவிட முடிகிறது.

இதையெல்லாம் மேசையைத் தட்டித் தட்டி அவளிடம் சொன்னேன். நான் இதைத்தானே மூன்று வருஷம் படித்தேன். என் பட்டத்தைச் சட்டம் போட்டு ஃப்ரீசருக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். இறைச்சி எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம்மா?"

அம்மா ரொட்டியைக் கீழே வைத்தாள். "சமையக்கட்டுல எல்லார்கிட்டயும் உன்னைப் பத்தித்தான்டி பீத்திக்கிறேன். எம் பொண்ணு ஊர் வாயெல்லாம் பாக்குறான்னு. என் வாயைத் தொறந்து எப்படி உன் முன்னாடி படுக்கிறது?"

அவளைத் திட்ட முடியவில்லை.

மறுநாள் ஹோல்கரிடம் பேசினேன். அவர் ஓய்வு பெறப்போகிறவர், அவசரமில்லாத மனிதர். பற்களைச் சுற்றி எலும்பு பாதிக்குமேல் போயிருக்கிறது, ராக்னாவே எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள் என்றார். முறையாக ஆழச் சுத்தம் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். என்னிடம் அனுப்பலாம் என்று சொன்னாராம். அவள் மாட்டேன் என்றாளாம். "ஜூன் வரைக்கும் டைம் எடுத்துக்க டீரா" என்றார். "அப்பவும் ஆடுச்சுன்னா நான் எடுத்துடுவேன். நீ சண்டை போடக்கூடாது." ஒத்துக்கொண்டேன். ஜூன் முதல் வாரம் அளப்பது. அதுவரை அந்த நாலு பல்லும் என் பொறுப்பு.

அடுத்த திங்கள் அம்மா என் நாற்காலியில் படுத்தாள். கைகளை வயிற்றின்மேல் கோத்து, கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம். வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டே ஆமாம் சொல்ல உலகத்தில் இவர்களால்தான் முடியும். வலிக்குதா? ஷூப். அம்மாவிடம் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பார்த்தேன். ஓரப் பற்களில் ஈறு விலகி, வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. பெரிய பாத்திரத்தின் அடியைச் சுரண்டுகிற மாதிரி, கரடுமுரடான பிரஷை வைத்து முப்பது வருஷம் தேய்த்திருக்கிறாள். முன்பற்களின் கதை தலைகீழ். ரத்தம் வந்ததால் அங்கே பிரஷையே கொண்டுபோகவில்லை. புண்ணைத் தொடக்கூடாது என்று விட்டுவிட்டாள். தேய்க்கக்கூடாத இடத்தில் தேய்த்து, தொடவேண்டிய இடத்தைத் தொடாமல், இரண்டையும் அக்கறையாகச் செய்திருக்கிறாள். முன்பற்களின் பின்புறம் காரை சுவர் மாதிரி கட்டியிருந்தது. அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டால் மூன்று மில்லிமீட்டரில் நிற்கவேண்டும். ஆறு. ஏழு. ஆறு. ஏழு.

எச்சிலை உலர்த்த, ஒரு வேரின்மேல் லேசாகக் காற்றை ஊதினேன்.

அம்மா நாற்காலியை விட்டே எழும்பிவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"இவ்வளவு கூச்சமா?"

"குளுந்த காத்து பட்டா அப்படித்தான்" என்றாள் வாயைப் பொத்திக்கொண்டு. "அதான் நான் வாயால மூச்சே இழுக்கிறதில்ல."

ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அதனாலதான் வாய்விட்டு ஆமா சொல்றியா?"

"பின்னே? ஒவ்வொரு ஆமாவுக்கும் ஊசி குத்துனா யாருடி சொல்லுவா?"

இரண்டு வருஷம். நான் பெரிய படிப்பாளி, என்னைப் பார்த்துத்தான் அம்மா மாறிவிட்டாள், என் படிப்பு அவள் வாயிலிருந்து ஊரைப் பிடுங்கிவிட்டது என்றெல்லாம் படுக்கையில் புரண்டு வருந்தியிருக்கிறேன். பல் கூசியிருக்கிறது. அவ்வளவுதான். என் வேலையே பல் கூச்சத்தைக் கண்டுபிடிப்பது.

சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை. சொன்னேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "உன்னைப் பாத்து நான் எதுக்குடி பேச்ச மாத்தணும்? உன் பேச்சுதான் கேக்கச் சகிக்கல" என்றாள். பிறகு மறுபடி வாயைத் திறந்தாள். இந்தமுறை கண்ணை மூடவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு தவணையாக ஈறுக்கு உள்ளே இருந்த காரையை எடுத்தேன். அம்மாவால் குறுக்கே பேச முடியாத ஒரு மணி நேரம் வாழ்க்கையில் எனக்கு முதல்முறையாகக் கிடைத்தது. விடவில்லை. காரையில் கிருமி குடியிருக்கும், உடம்பு அதோடு சண்டை போடும், அந்தச் சண்டையில் எலும்பு பல்லை விட்டு விலகிப் பின்வாங்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் வந்தால் தொடாதே என்று அர்த்தமில்லை, ஒழுங்காகத் தொடு என்றுதான் அர்த்தம். மிருதுவான பிரஷ் ஒன்றும், பல் இடுக்கில் விடுகிற குட்டிப் பிரஷ்கள் மூன்று அளவில் ஒரு பையும் கொடுத்தேன். பிரஷைப் பேனா மாதிரி விரல் நுனியில் பிடிக்கச் சொன்னேன். சட்டி கழுவுகிற கைக்கு அது வரவேயில்லை. கண்ணாடி முன்னால் நிற்கவைத்து மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். "இப்படித் தடவுனா அழுக்கு எப்படிப் போகும்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். வேர்களுக்குக் கூச்சம் குறைக்கிற மருந்தைப் பூசினேன்.

ஏப்ரல் கடைசியில் பனி உருகத் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனேன். அம்மா கதவிலேயே நின்றாள். கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள்.

"பாரு. என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு பாரு."

பற்கள் முன்பைவிட நீளமாக இருந்தன. நடுவில் கறுப்பாக இடைவெளி விழுந்திருந்தது. நான் தோண்டித் தோண்டி இருந்த ஈறையும் எடுத்துவிட்டேன் என்றாள். போன மாதம் வரை இந்தச் சந்து இல்லை, சமையலறைப் பெண்கள்கூடக் கேட்டுவிட்டார்கள் என்றாள். செவ்வாய்க்கிழமை ஹோல்கருக்குப் போன் போட்டு எடுத்துவிடச் சொல்லப் போகிறாளாம். உள்ளே உட்கார்ந்திருந்த அப்பா, குதிரைக்குக்கூட இந்தப் பல் அழகாகத்தான் இருக்கும் என்று நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து மரம் வெட்டப் போய்விட்டார்.

எனக்கும் கோபம்தான். இது நடக்கும் என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். ஊசி போட்ட வாயோடு படுத்திருந்தவளின் காதில் அது ஏறவில்லை. அப்படிச் சொன்னதெல்லாம் சொன்னதாகாது என்று எனக்கல்லவா தெரிந்திருக்கவேண்டும்?

அவளைத் தோளைப் பிடித்து ஜன்னலுக்குத் திருப்பினேன். தோட்டத்து வேலி பாதிவரை பனியில் நின்றது.

"ஜனவரில அந்த வேலி எவ்வளவு உயரம் இருந்துச்சு?"

"ஒரு முழம் தெரியும்."

"இப்ப?"

"இப்ப ரெண்டு முழம். அதுக்கு?"

"வேலி வளந்துடுச்சாம்மா?"

அவள் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தாள்.

உன் ஈறு வீங்கிக் கிடந்தது, வீக்கம் பல்லை மூடியிருந்தது, இப்போது வீக்கம் வடிந்திருக்கிறது என்றேன். இந்த நீளம் எப்போதோ வந்த நீளம், இப்போதுதான் கண்ணில் படுகிறது. வேலியடியில் போன மண் போனதுதான், எலும்பு தானாகத் திரும்பி வராது, அதை நான் பொய் சொல்லமாட்டேன். இருக்கிற மண் கரையாமல் பார்த்துக்கொண்டால் வேலி நிற்கும். துலக்கும்போது ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். யோசித்தாள். பத்து நாளாக வரவில்லை என்று முணுமுணுத்தாள். அதை ஏன் சொல்லவில்லை என்றேன். "நல்லதச் சொன்னா நீ இன்னும் ரெண்டு பிரஷ் குடுப்ப" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ஹோல்கருக்குப் போன் வந்ததா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கமாட்டோம் என்று சொன்னேனே. ஆனால் அந்த வாரக் கடைசியில் அப்பா கடையில் எதிர்ப்பட்டார். தினமும் சாயங்காலம் உன் அம்மா கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்று, குட்டிப் பிரஷை இடுக்கு இடுக்காக விட்டு, ஒவ்வொரு இடுக்குக்கும் ஒருமுறை உன் பேரைச் சொல்லித் திட்டுகிறாள் என்றார். கணக்குப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது சொச்சம் முறை. அந்த மே மாதம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஜூன் முதல் வாரம். பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது. ஹோல்கரே அளந்தார். என்னை அளக்கவிடவில்லை. மகள் அளந்தால் மில்லிமீட்டர் சுருங்கிவிடும் என்றார். நான் திரைமுன் உட்கார்ந்து எண்களைப் பதிந்தேன். அப்பாவும் உள்ளே வந்து, சுவரோரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு" என்றார் ஹோல்கர். "மூணு. நாலு. மூணு. ரத்தமில்ல." அடுத்த பல். "மூணு. மூணு. மூணு." கடைசியில் இடதுபக்கப் பல்லுக்கு வந்தபோது நிறுத்தினார். "அஞ்சு. கொஞ்சம் ரத்தம்." கருவியின் பிடியால் அதைத் தட்டிப் பார்த்தார். இன்னும் ஆடியது.

நான் அவரைப் பார்த்தேன். சண்டை போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எக்ஸ்ரேயை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டார். எலும்பு மேலே ஏறவில்லை. ஏறாது. இறங்கவும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பல் அவற்றின் இடத்தில் நிற்கும், நாலாவதைப் பின்புறமாக மெல்லிய கம்பி வைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிடலாம், வெளியே தெரியாது என்றார். அந்த இடத்தை நான் மறுபடி ஒருமுறை சுத்தம் செய்யவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா வரவேண்டும், வாழ்நாள் முழுக்க.

"எடுக்கவேண்டியது ஒண்ணுமில்ல" என்றார். "ஆனா அந்தக் குட்டிப் பிரஷை விட்டீங்கன்னா ரெண்டே வருஷத்துல திரும்ப இங்கதான் வந்து படுப்பீங்க ராக்னா. விடாம பண்ணுவீங்களா?"

அம்மாவின் வாய் இன்னும் திறந்தே இருந்தது. கண்ணாடியும் உறிஞ்சுகுழலும் உள்ளே. அவள் காற்றை இழுத்தாள்.

ஷூப்.

இழுத்துவிட்டு அவளே திகைத்தாள். வலிக்காக ஒரு நொடி காத்திருந்தது முகத்தில் தெரிந்தது. வலி வரவில்லை. இன்னொருமுறை இழுத்துப் பார்த்தாள். ஷூப். ஹோல்கர் ஒருதடவை சொன்னால் போதும் என்றார்.

சுவரோரம் அப்பா எழுந்து நின்றுவிட்டார். தொப்பி கீழே விழுந்தது.

"ராக்னா" என்றார். "கோவம் போயிடுச்சா?"

அம்மா குழலை வெளியே எடுத்தாள். "என்ன கோவம்?"

"ரெண்டு வருஷமா என்கிட்ட வாய்விட்டு ஆமா, ஆமான்னு பேசினியே. அந்தக் கோவம்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே தெரியவில்லையாம். யோசித்து யோசித்து, அந்த வருஷம் பனியில் ஓட்டுகிற புது ஸ்கூட்டர் வாங்கியதாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, அதைப் பாதி விலைக்குத் தன் தம்பிக்கு விற்றிருக்கிறார். பாத்திரம் கழுவ ஆரம்பித்திருக்கிறார்.

"எனக்குப் பல்லு கூசுச்சுய்யா" என்றாள் அம்மா.

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச்சுல."

"மார்ச்சுலயே தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா?"

ஷூப் என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. மால்மோவுக்குப் பிறகு முதல்முறை. ஹோல்கர் மட்டும் எதுவும் நடக்காதது போலக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தோம். எங்கள் ஊர் வழக்கப்படி ஆளுக்கு நாலு துண்டு பாலாடைக்கட்டியைக் கோப்பையின் அடியில் போட்டு, மேலே காபியைச் சூடாக ஊற்றினாள் அம்மா. அது பல்லுக்கிடையில் கீச்சென்று சத்தம் போடவேண்டும். அவளுடையது போட்டது. காய்ந்த ரொட்டியை எடுத்தாள். முன்பல்லில் வைக்கப் பார்த்தாள். நான் முறைத்தேன். ஓரப்பல்லுக்குத் தள்ளிக் கடித்தாள். பலகை உடைகிற சத்தம்.

"அப்ப நான் ரெண்டு வருஷம் பாத்திரம் கழுவினது?" என்றார் அப்பா.

"கழுவினது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா, மென்றுகொண்டே. "இனிமேயும் கோவமா இருக்கலாமான்னு பாக்குறேன்."

அப்பா எழுந்து மூன்று கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார்.